திருச்சபையும் சாதிச் சுவரும்

சமயங்கள் மாந்தரை ஒரு குலமாக்க முயன்றவை. யூதர், கிரேக்கர் என்னும் வேற்றுமை இறைவன்முன் செல்லாது எனப் பவுலடியார் கலாத்தியர்க்கு எழுதினார். அரபியர்க்கு அரபியரல்லாதார்மீது உயர்வில்லை என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் அறிவித்தார்கள். எனினும் கொள்கை ஒன்றும் வழக்கம் மற்றொன்றுமாக நிற்பது உலகியல்பு. தமிழகத் திருச்சபையில் சாதி பெற்ற இடத்தை ஆராயின் இவ்வுண்மை புலனாகும். பிற சமயத்தார் குறையைத் தூற்றுவது ஈண்டு நோக்கமன்று; அதில் நமக்குள்ள பாடத்தைக் கற்பதே நோக்கம்.

1833இல் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என ஆணையிட்டார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரும்புலவரே அதனை ஏற்க மறுத்தார். சாதி சமூக வழக்கமே என லைப்சிக் லுத்தரன் மிஷனார் பொறுத்துக்கொண்டனர். நம் வடார்க்காட்டிலோ, 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆர்க்காடு மிஷன், சாதியைத் துறப்போரையே சபையில் சேர்ப்பது என உறுதிபூண்டது. அக்குடும்பத்து ஐடா ஸ்கடர் அம்மையார் 1900இல் வேலூரில் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவப் பணியே இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக ஓங்கி நிற்கிறது.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கத்தோலிக்கத் தேவாலயம், ஒரே பீடத்தை நோக்கிய இரு கிளைகளாக அமைந்தது. வேளாளர்க்கு ஒரு கிளை. நாடார் முதலியோர்க்கு மற்றொன்று. இடைச்சுவர் 1910இல் இடிக்கப்பட்டது. வழக்கு மூண்டது; சாதியின் பெயரால் ஆலயத்தில் தனியிடம் கோரும் உரிமையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆயினும் கற்சுவர் இடிந்த அளவிலே மனச்சுவர் இடிந்துவிடவில்லை. விழுப்புரம் மாவட்டமாயிருந்த பகுதியின் எறையூரில், தலித் கிறித்தவர்கள் தமக்கெனத் தனிப்பங்கு வேண்டினர். 2008 மார்ச்சில் கலவரம் மூண்டு, காவலர் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். அமெரிக்காவிலும் வெள்ளையர் ஆலயத்தில் இழிவுற்ற கறுப்பினத்தார், ரிச்சர்டு ஆலன் தலைமையில் 1816இல் தனித் திருச்சபை கண்டனர். மதிப்பு மறுக்கப்பட்டோர் பிரிந்து செல்வதைப் பிரிவினை என்று பழிப்பது எளிது. பிரியச் செய்தவர் யார் என்று வினவுவதே அறம்.

தோல்தொழிலில் வாழும் நாம் மறவாதிருக்க வேண்டிய வழக்கொன்று உண்டு. சூசை என்பவர் சென்னைத் தெருவோரத்தில் செருப்புத் தைத்தவர், ஆதிதிராவிடக் கிறித்தவர். இந்து ஆதிதிராவிடத் தொழிலாளர்க்கு அரசு வழங்கிய பெட்டிக்கடை, மதத்தைக் காரணங்காட்டி அவருக்கு மறுக்கப்பட்டது. மதம் மாறிய பின்னும் அதே கொடுமை நீடிப்பதற்குப் போதிய சான்றில்லை என்று 1985இல் உச்சநீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை இந்துக்களையே முதன்மையாகக் கருதியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முஸ்லிம்களும் இன்னும் சேர்க்கப்படவில்லை. மதத்தோடு இத்தகுதியைப் பிணைக்கலாகாது என ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. ஆலயத்துள் சாதியால் ஒதுக்கப்பட்டவர், அரசின் முன் சாதியற்றவராகிவிடுவது எத்துணை முரண்!

உள்ளே விடுதல் வேறு. உறவாக ஏற்றல் வேறு. பந்தியில், பதவியில், பெண் கொடுத்தலில், இறுதியில் அடக்கம் செய்யும் மண்ணில் இவ்வேறுபாடு வெளிப்படும். 1981இல் மீனாட்சிபுரத்தார் இஸ்லாத்தை ஏற்றபோது நாம் மகிழ்ந்தோம். தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்பது நம் பெருமை. அத்தோழமை திருமணப் பேச்சிலும் தொழிற்கூடத்திலும் தொடர்கிறதா என்பது நம்முன் நிற்கும் வினா. மாணவர்காள்! பிறர் ஆலயச் சுவரைச் சுட்டும் விரலை ஒருகணம் நம் இல்லத்து வாயிலை நோக்கியும் திருப்புங்கள். அங்கே சுவரில்லையேல், சமத்துவம் பேசும் தகுதி நமக்கு உண்டு.