யப்பானிய மொழியின் துணைவினைகள்: வடிவ ஒப்புமையும் பொருள் வேறுபாடும்

யப்பானிய மொழியைக் கற்கப் புகும் தமிழருக்கு அதன் வினைத்தொடர் அமைப்பு அந்நியமாகத் தோன்றுவதில்லை. வினையெச்சம் முன்னே நிற்க, தன் சொந்தப் பொருளை ஓரளவு இழந்த வேறொரு வினை அதன் பின்னே வந்து துணைசெய்யும் முறை இரு மொழிகளுக்கும் உரியது. நாம் ‘செய்து பார்’ என்போம்; அவர்கள் ‘ஷித்தெ மிரு’ என்பர். ‘மிரு’ என்பது பார்த்தலைக் குறிக்கும் வினையேயாகும். ‘செய்து வை’ என்பதற்கு நேராக ‘ஷித்தெ ஒக்கு’ உண்டு. ‘ஒக்கு’ வைத்தலைக் குறிப்பது. ‘இரு’ என்னும் துணைவினையோ ஒலியிலும் நம்முடையதாகவே காட்சியளிக்கின்றது. மாணவர் வழுக்கி விழுவதும் இவ்விடத்திலேதான்.

இவ்வொப்புமையை மொழியுறவுக்குச் சான்றாகக் கொள்வோர் உளர். பேராசிரியர் சுசுமு ஓனோ தமிழுக்கும் யப்பானிய மொழிக்கும் இடையிலான தொடர்பினைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தமிழறிஞரும் அவருடன் இணைந்து பணியாற்றினர். அம்முடிபுகளை ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பாலும் ஏற்கவில்லை. அவ்விவாதத்தினுட் புகுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும் துணைவினை ஒப்புமையை மாத்திரம் கொண்டு உறவு நாட்டுதல் இயலாதென்பதற்கு நம் அயலிலேயே சான்றுண்டு. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்த சிங்களமும் ‘கரலா பலன்ன’ என்றே கூறும். அதுவும் ‘செய்து பார்’ என்பதேயாகும். கொரிய மொழியிலும் பார்த்தல், வைத்தல், கொடுத்தல் ஆகிய வினைகள் இவ்வாறே துணைவினைகளாக வழங்குகின்றன.

முதலாவது மயக்கம் ‘-தெ இரு’ என்பதிலே எழுகின்றது. உண்ணுதல் போன்ற தொடர் நிகழ்ச்சியைக் குறிக்கும் வினையோடு அது சேரின், ‘தபெத்தெ இரு’, அதாவது ‘உண்டுகொண்டிருக்கிறான்’ என்று பொருள்படும். வருதல், இறத்தல் போன்று நொடியில் முடியும் வினையோடு சேரின் முடிந்ததன் விளைவையே குறிக்கும். ‘கித்தெ இரு’ என்பதை ‘வந்துகொண்டிருக்கிறான்’ என மொழிபெயர்ப்பது தவறு. அவன் வந்து சேர்ந்துவிட்டான், இப்போது இங்கே இருக்கிறான். வினைகளை இவ்வடிப்படையில் நான்காக வகுத்து 1950 இல் ஹருஹிகோ கிந்தயிச்சி எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது. தமிழ் இவ்விரு பொருளையும் ‘கொண்டிரு’, ‘இரு’ எனப் பிரித்துக்காட்டும். மேற்கு யப்பானின் பல கிளைமொழிகளும் ‘யொரு’, ‘தொரு’ என இரு வடிவங்களாற் பிரித்தறிகின்றன. தோக்கியோப் பேச்சை அடியாகக் கொண்டு மெய்ஜி அரசின் காலத்திலே உருப்பெற்ற பொதுமொழியிலேதான் இவ்வேறுபாடு இல்லை. ஆட்சிபீடத்தின் மொழி எப்போதும் நுண்மை மிக்கதென எண்ணுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

‘-தெ அரு’ என்பது இதனினும் நுட்பமானது. யன்னல் திறந்திருக்கும் நிலையை யப்பானியர் இருவகையாகக் கூறுவர். ‘மதொ க அய்த்தெ இரு’ என்பது வெறும் நிலை. அங்கு நிற்பது ‘அக்கு’ என்னும் தன்வினை. ‘மதொ க அக்கெத்தெ அரு’ என்பதிலே ‘அக்கெரு’ என்னும் பிறவினை நிற்கின்றது. எவரோ ஒரு நோக்கத்துடன் யன்னலைத் திறந்து விட்டிருக்கிறார். திறந்தவர் வாக்கியத்திலே இடம்பெறார், ஆயினும் அவர் உளர் என்பது பெறப்படும். தமிழிலே ‘உடைந்தது’, ‘உடைத்தான்’ எனப் பிரிவதுபோலத் ‘திற’ என்னும் வினை பிரிவதில்லை. ‘கதவு திறந்தது’ என்கிறோம். ‘கதவைத் திறந்தான்’ எனவும் கூறுகிறோம். ஆகவே ‘யன்னல் திறந்திருக்கிறது’ என்னும் நம் வாக்கியம் இரண்டையும் மூடிவிடுகின்றது. அறையைக் குளிர்விக்கவென்று திறக்கப்பட்ட யன்னலைத் தமிழ் மாணவர் மூடிவிடுதலும் கூடும்.

மேற்கூறியவை கற்பித்தலின்பாற்பட்ட சிக்கல்கள். கொடுத்தலையும் பெறுதலையும் குறிக்கும் துணைவினைகளிலேதான் இலக்கணம் சமூக உறவோடு நேரே சந்திக்கின்றது. பிறர் எனக்குத் தருவது ‘குரெரு’. நான் பிறர்க்குக் கொடுப்பது ‘அகெரு’. தாழ்ந்தோர்க்கும் விலங்குக்கும் கொடுப்பது ‘யரு’. உயர்ந்தோர்க்கு அளிப்பது ‘ஸஷிஅகெரு’. தொல்காப்பியம் பயின்றார்க்கு இது புதிதன்று. தருதலைத் தன்மை முன்னிலைக்கும் கொடுத்தலைப் படர்க்கைக்கும் உரியதாக்குகிறது சொல்லதிகாரம். இரந்து கேட்குமிடத்து இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கூறுதலையும் அது வரையறுக்கின்றது. வேறுபாடு யாதெனின், தமிழிலே இன்று அவ்வரையறை பெரிதும் ஏட்டளவில் நிற்க, யப்பானிய மொழியில் அத்தகைய படிநிலை வினைத்தொடரினுள்ளேயே செயற்படுகின்றது. ‘ஒஷியெத்தெ குரெத்த’ என்றால் அவர் எனக்குச் சொல்லித் தந்தார். ‘ஒஷியெத்தெ அகெத்த’ என்றால் நான் பிறர்க்குச் சொல்லிக் கொடுத்தேன். எழுவாய் வாக்கியத்தில் இல்லாதபோதும், உதவி எத்திசையிற் சென்றதென்பது துணைவினையாற் புலனாகும்.

மூன்றாவதான ‘மொரவு’ (பெறுதல்) என்பதற்குத் தமிழில் நிகரான துணைவினை இல்லை. ‘ஒஷியெத்தெ மொரத்த’ என்பது ‘அவர் சொல்லித்தரப் பெற்றேன்’ என்பதனை ஒக்கும். செயலைச் செய்தவர் அவர், எழுவாய் நான். இதன் பணிவு வடிவம் ‘இத்ததக்கு’. இதனோடு ஏவற்பொருள் தரும் ‘ஸஸெ’ சேர்ந்து ‘-ஸஸெத்தெ இத்ததக்கு’ ஆகும்போது, ‘நான் செய்வதற்குத் தங்கள் இசைவைப் பெறுகிறேன்’ என்னும் பொருள் விளைகின்றது. விடுமுறை நாளிற் கடைக்கதவிலே தொங்கும் அறிவித்தல் இவ்வடிவிலேயே அமையும். கடையை மூடுவதென முடிவுசெய்தவர் உரிமையாளர். இசைவு வழங்கியவராகச் சித்திரிக்கப்படுபவர் அதனை அறியாத வாடிக்கையாளர்.

இதனை நிலமானியச் சமூகத்தின் எச்சம் என எழுதிவிடுதல் எளிது. இக்கட்டுரையாளரும் ஒருகாலத்தில் அவ்வாறே கருதியதுண்டு. ஆயின் இவ்வழக்கு பெருகிப் பரவியது இருபதாம் நூற்றாண்டிலேயாகும். வணிகமும் பெருநிறுவனங்களும் வளர்ந்த காலமது. பழைய படிநிலைச் சமூகம் வகுத்த வடிவத்தைப் புதிய உற்பத்தி உறவுகள் தம் தேவைக்கெனக் கையேற்றுள்ளன. மொழி மேற்கட்டுமானத்துள் அடங்காதென 1950 இல் ஸ்டாலின் வாதிட்டமையை இங்கு நினைவுகூரலாம். இலக்கணவிதி எவ்வர்க்கத்துக்கும் உரியதன்று. அதனை எவர் எவரை நோக்கி எச்சூழலிற் கையாள்கிறார் என்பது வர்க்கத் தொடர்புடையது.

இதற்குத் தெளிவான சான்று ஓர் அலுவலகத்தில் நிகழக்கூடிய உரையாடலாகும். ‘யமெரு’ என்பது வேலையை விட்டு விலகுதல். ‘யமெத்தெ இத்ததக்கிமஸ்’ என்று முதலாளி கூறினால், ‘தாங்கள் விலகும் உதவியைத் தங்களிடம் பெற்றுக்கொள்கிறோம்’ என்பது சொற்பொருள். ‘உமக்கு இனி இங்கு வேலையில்லை’ என்பதே செய்தி. ‘யமெஸஸெத்தெ இத்ததக்கிமஸ்’ என்று தொழிலாளி கூறினால், தானாகவே விலகுகிறான். இரண்டிலும் பணிவு ஒன்றே, ‘பெறுதல்’ ஒன்றே, ‘நான்’, ‘நீ’ என்னும் சொற்களும் இல்லை. வேறுபடுவது ‘ஸஸெ’ என்னும் ஈரசை மாத்திரமே. வேலைதேடி யப்பானுக்குச் செல்லும் நம் இளைஞர் இதனைப் பிரித்தறியாவிடின், தன்மீது சுமத்தப்பட்ட நீக்கத்துக்குத் தானே விண்ணப்பித்தவனாகவும் நேரலாம். மொழிபெயர்ப்பாளருக்கும் இங்கு ஒதுங்கிச் செல்ல இடமில்லை. தமிழில் ‘விலக நேர்ந்தது’ எனப் பொதுப்பட எழுதினால் வாக்கியம் அழகாக அமையும். விலக்கியவர் எவரென்பது மறைந்துபோகும். முதலாவதை ‘தங்களை வேலையிலிருந்து நீக்குகிறோம்’ என்றும், இரண்டாவதை ‘நான் வேலையை விட்டு விலகுகிறேன்’ என்றும் எழுதுதலே தகும். பணிவுத் தொனி அதனாற் குன்றினும் குன்றுக.