தாத்தாவுக்குக் கலியாணம்: கொழும்பு முஸ்லிம்களின் பேச்சுத் தமிழ் பற்றிச் சில குறிப்புகள்

கொழும்புக்கு இடமாற்றம் பெற்று வந்த முதல் வருடம் நான் விட்ட ஒரு பிழையோடு இக்கட்டுரையைத் தொடங்குவது பொருத்தம் என நினைக்கிறேன். ஏழாம் தரத்துக்கு ‘எனது குடும்பம்’ என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி, “எங்கட தாத்தாக்கு கலியாணம் பேசி ஈக்கி” என்று எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் வட்டமிட்டு, “தாத்தாவுக்கு இந்த வயதில் கலியாணமா?” என்று ஓரத்தில் எழுதினேன். போதாததற்கு வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் மட்டும் எழுந்து, “தாத்தா எனக்கு மூத்தவ, சேர்” என்றாள்.

நான் கிழக்கு மாகாணத்தான். எங்கள் ஊரில் மூத்த சகோதரி ராத்தா. மூத்த சகோதரன் காக்கா. கொழும்பிலோ அவர்கள் தாத்தாவும் நானாவும். புத்தகத் தமிழில் தாத்தா என்றால் பாட்டன். சிங்களத்தில் கிட்டத்தட்ட அதே ஒலியுடைய சொல்லுக்குத் தகப்பன் என்று பொருள். ஒரே தெருவில் மூன்று வீடுகளில் மூன்று உறவுகளைக் குறிக்கக்கூடிய சொல் அது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்து வந்த எனக்கு அன்று அது தெரிந்திருக்கவில்லை. பிழை என்னுடையது, புள்ளி குறைந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகுதான் இந்த நகரத்தின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினேன். மருதானையில் பிளேன்டீ குடிக்கும் கடையில், புறக்கோட்டைப் புடவைக் கடைகளில், ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நின்று கதைப்பவர்களிடம், பெற்றோர் கூட்டத்துக்கு வரும் உம்மாமாரிடம் கேட்டவற்றையே இங்கு வகைப்படுத்தித் தருகிறேன்.

முதலில் ஒலி. ‘இருக்கிறது’ என்பது இங்கு ‘ஈக்கி’. ‘வந்திருக்கிறது’ என்பது ‘வந்தீக்கி’. ‘சொல்லுங்கள்’ என்பது ‘செல்லுங்க’. கேட்பவர்கள் இதைக் ‘கொச்சை’ என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் ‘இரு’ என்ற எண்ணுப்பெயர் ‘ஆயிரம்’ என்பதோடு சேரும்போது ‘ஈராயிரம்’ ஆகிறதே, அதை நாம் கொச்சை என்பதில்லை. நன்னூல் விதியைச் சொல்லிப் பரீட்சையில் புள்ளி வாங்குகிறோம். இரண்டும் ஒன்றே என்று நான் வாதிட வரவில்லை. ஓரெழுத்துத் தேய, முன்னுள்ள உயிர் நீளும் போக்கு தமிழுக்குப் புதிதல்ல என்பதே நான் சொல்ல வருவது. வாயில் நடப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

அடுத்தது சொல். 1505 இல் வந்த போர்த்துக்கேயரும், அவர்களிடமிருந்து 1656 இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தரும் போய்விட்டார்கள். அவர்களுடைய சொற்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. அலுமாரி, மேசை, ஜன்னல், வாங்கு, சப்பாத்து, பாண் ஆகியவை போர்த்துக்கேயம். கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தம். இவை இலங்கைத் தமிழர் எல்லோருக்கும் பொது. கொழும்பு முஸ்லிம் பேச்சில் இவற்றோடு சிங்களமும் சேர்கிறது. கொம்பனித்தெருப் பக்கம் ஓர் உம்மா பக்கத்து வீட்டு நோயாளியைப் பற்றிச் சொல்லும்போது, “அனே, பவ்” என்றுதான் தொடங்குவார். ‘சரி’ என்பதற்குப் பதில் ‘ஹரி’ என்பார். அதே தெருவில் மலாய் வீடுகளும் உண்டு. புறக்கோட்டையில் மேமன்களும் போராக்களும் கடை வைத்திருக்கிறார்கள். வியாபாரமும் அயலுறவும் இருக்குமிடத்தில் மொழி மட்டும் தனித்து நிற்பது எப்படி?

அரபுச் சொற்களின் கதை வேறு. ஸஹ்ன் என்றால் அரபியில் தட்டு. அது நம் விருந்துகளில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஸஹனாகி, பேச்சில் ‘சவன்’ ஆகிவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது வினைச்சொல். மௌத்தாகிட்டார், நிய்யத் வெச்சன், துஆக் கேளுங்க, பாத்திஹா ஓதினாங்க என்கிறோம். பெயர் எங்கிருந்து வந்தாலும் ஆகு, வை, கேள், ஓது என்று வினை தமிழிலேயே முடிகிறது. திணை, எண், காலம், மரியாதை எல்லாவற்றையும் சுமப்பது அந்த வினைதான். அரபுச் சொல் அதிகம் இருப்பதால் நம் பேச்சு தமிழல்ல என்று நினைப்பவர்கள், ஒரு வாக்கியத்தை முழுதாகக் கேட்கவில்லை என்பேன்.

மறுபக்கமும் உண்டு. உலகின் பல பகுதிகளில் முஸ்லிம்கள் நமாஸ் என்றும் ரோஸா என்றும் சொல்வதை நாம் தொழுகை, நோன்பு என்கிறோம். மஸ்ஜித் நமக்குப் பள்ளி. ஈத் நமக்குப் பெருநாள். மார்க்கத்தின் மையமான காரியங்களுக்கே தமிழ்ப் பெயர் வைத்திருக்கும் சமூகம் இது. கறிக் குழம்பை ‘ஆணம்’ என்கிறோமே, அது தமிழ்ப் பேரகராதியில் இடம்பெற்ற சொல். வட்டிலப்பம் என்பதில் வட்டில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்று வட்டில் என்றால் என்னவென்று தெரியாது; வட்டிலப்பம் தெரியும்.

தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கும். திசைச்சொல்லுக்கும் செய்யுளில் இடமுண்டு என்பது அதன் முடிவு. அப்படியிருந்தும் 1960களில் நமது நாட்டிலேயே, சிறுகதைகளில் பேச்சுமொழியை எழுதுவது ‘இழிசனர் வழக்கு’ என்று எதிர்ப்புக் கிளம்பியது. கைலாசபதி, சிவத்தம்பி முதலியோர் அதற்கு மறுப்புச் சொன்னார்கள். பின்னர் திக்குவல்லை கமால் போன்றோர் தென்னிலங்கை முஸ்லிம்களின் பேச்சைத் துணிந்து கதைகளில் எழுதினார்கள். இலக்கியத்தில் வாதம் தீர்ந்துவிட்டது. வகுப்பறையில் இன்னும் தீரவில்லை. அதற்கு என் சிவப்புப் பேனையே சாட்சி.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ‘ஈக்கி’ என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. அதைப் பிள்ளைக்கு மறைப்பதும் துரோகம். நான் சொல்வது, ‘இது பிழை’ என்பதற்கும் ‘இது வீட்டுக்கு, அது தாளுக்கு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு. முதலாவது பிள்ளையின் உம்மாவையும் சேர்த்துப் பிழை என்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு தமிழைக் கொடுக்கிறது.

இப்போது ஒவ்வொரு வருடமும் முதல் தவணையில் ஒரு பயிற்சி செய்விக்கிறேன். வீட்டில் மூத்தவர்களிடமிருந்து பத்துச் சொற்கள் கேட்டு வரவேண்டும். கொப்பியில் மூன்று நிரல்: வீட்டில் சொல்வது, புத்தகத்தில் எழுதுவது, எங்கிருந்து வந்தது. மூன்றாவது நிரலில் வெற்றிடம் இருந்தால் வகுப்பாகச் சேர்ந்து தேடுகிறோம். பேசத் தயங்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் பேசுகிறார்கள். ஆசிரியர்கள் வேறு பாடசாலைகளிலும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு கொப்பிதான்.

இதையெல்லாம் பத்து வருடம் முந்தியே செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது கடந்த வருடம். அந்த மாணவியை ஒரு கலியாண வீட்டில் கண்டேன். சலாம் சொல்லி, மகனைக் கூப்பிட்டுக் காட்டினாள். நான்கு வயதிருக்கும். “என்ன பேர் மகன்?” என்று கேட்டேன். அவன் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் என் கேள்வியை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்ன பிறகுதான் பதில் சொன்னான்.

“வீட்டுல இங்கிலீஷ்தான், சேர். எங்கட தமிழ் பிழதானே. இவன் ஸ்கூல்ல போய் ஏச்சு வாங்கக் கூடாது.”

இன்று கொழும்பில் பல குடும்பங்கள் பிள்ளைகளைச் சிங்கள, ஆங்கில மொழிமூலம் படிக்க வைக்கின்றன. தொழில், பாதுகாப்பு, அயல் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அவற்றை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், ‘எங்கட தமிழ் பிழை’ என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்குமானால், அதைக் கொடுத்தவர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள்.

“உங்கட தமிழ் பிழையில்லம்மா. அண்டைக்குப் பிழ விட்டது நான்தான்” என்றேன். அவள் சிரித்தாள். பிறகு மகனிடம் குனிந்து, மேசையடியில் நின்ற பெண்ணைக் காட்டி, “அது உம்மாட தாத்தா” என்று தமிழில் சொன்னாள்.