ஊதிப் போட்டால் ஓடுமா? உப்புக் காற்றும் பரணில் கிடக்கும் பழைய டிவி கேமும்

லீவுக்கு ராமேஸ்வரத்துக்கோ கீழக்கரைக்கோ ஊருக்குப் போயிருக்கிறீர்கள். பரணைச் சுத்தம் செய்யும்போது ஓர் அட்டைப்பெட்டி கையில் சிக்குகிறது. உள்ளே நிறம் மங்கிய டிவி கேம், இரண்டு ரிமோட், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, ‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட். என்றோ வளைகுடாவிலிருந்து வந்த மாமா வாங்கி வந்தது. “டேய், இது இன்னும் ஓடுமாடா?” என்று தம்பி கேட்பதற்குள் உங்கள் கை பிளக் பாயின்ட்டைத் தேடும்.

கொஞ்சம் பொறுங்க. இருபது, முப்பது வருடம் சும்மா கிடந்த மெஷின் நிரந்தரமாகப் பாழாவது பல நேரம் அந்த முதல் ஒரு நிமிடத்தில்தான்.

அது உண்மையில் என்ன மெஷின்?

1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நிண்டெண்டோ ‘ஃபேமிகாம்’ என்ற கேம் கன்சோலை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் வீடுகளுக்கு வந்தவை பெரும்பாலும் அதன் நகல்கள்தான். பெட்டியின் மேல் என்ன பெயர் இருந்தாலும் உள்ளே இருந்த வடிவமைப்பு ஒன்றே. கேசட்டில் 60 பின்கள், நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் துடிப்பில் ஓடும் 8 பிட் பிராசஸர், வெறும் 2 கிலோபைட் நினைவகம். இன்று நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரியது. மரியோவும் கான்ட்ராவும் ஓடியது இவ்வளவுக்குள்ளேதான்.

மலிவான நகல்களைத் திறந்தால் போர்டின் நடுவே கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று இருக்கும். ஃபேமிகாமின் பல சிப்கள் செய்த வேலையை அதற்கடியில் இருக்கும் ஒரே சிப் செய்கிறது. சரி, 9999 விளையாட்டு? உண்மையில் சில டஜன் இருந்தாலே அதிகம். அதே விளையாட்டு வேறு லெவலிலோ, கூடுதல் உயிரோடோ ஆரம்பித்தால் பட்டியலில் புதுப் பெயர். அவ்வளவுதான்.

உப்புக் காற்று என்ன செய்யும்?

1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் நூறு வருடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. கடைசியில் துரு காரணமாக 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதுப் பாலத்துக்கு அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது. இரும்புப் பாலத்துக்கே இந்த நிலை என்றால், முடியைப் போல மெல்லிய செம்புக் கோடுகள் எந்த மூலைக்கு?

கடல் காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள் போர்டில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிவிடும். கடலோர ஊரில் இரவு நேரத்தில் இது சர்வ சாதாரணம். அந்தக் கரைசல் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் அரிக்கும். கேசட் பின்களில் நீங்கள் பார்க்கும் பச்சை நிறம் அதன் அடையாளம். நல்ல கேசட்டுகளில் பின்களின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு இருக்கும். மலிவான நகல்களில் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஊதினால் ஓடியதே, எப்படி?

நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான். ஆனால் வேலை செய்தது ஊதல் அல்ல. கேசட்டைக் கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் உரசி, மேலே இருந்த அழுக்குப் படலம் விலகுகிறது. ஊதும்போது போவது எச்சில் ஈரம். உப்பு படிந்த பின்னுக்கு அதைக் கொடுப்பது அரிப்புக்குத் தீனி போடுவது மாதிரி.

அப்படியானால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

1. பழைய அடாப்டரைச் செருகாதீர்கள். மல்டிமீட்டரில் பாருங்கள். இந்த மெஷின்களில் பலவும் 9 வோல்ட் டிசி கேட்பவை. ஆனால் பிளஸ், மைனஸ் திசை மாடலுக்கு மாடல் மாறும். மெஷினின் அடியில் அச்சிட்டிருப்பதை அடாப்டரோடு ஒப்பிடுங்கள். ஏசி கொடுக்கும் அடாப்டர்களும் உண்டு. கையில் கிடைத்ததை மாட்டினால் சிப் போய்விடலாம்.

2. கேசட் பின்களை 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காது பட்ஸால் துடையுங்கள். பட்ஸ் வெள்ளையாக வரும்வரை தொடருங்கள். விடாத கறைக்கு மட்டும் வெள்ளை ரப்பரால் லேசாக ஒருமுறை. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

3. மெஷினைத் திறந்து உருளை வடிவ கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். தலை உப்பியோ அடியில் கசிந்தோ இருந்தால் மாற்ற வேண்டும். மொபைல் சர்வீஸ் செய்பவரைவிட, பழைய ரேடியோ, டிவி பார்த்த மெக்கானிக் அண்ணன்களுக்கு இது கைவந்த கலை.

4. ரிமோட் பட்டன் வேலை செய்யவில்லையா? பட்டனுக்கு அடியில் இருக்கும் கறுப்பு கார்பன் ரப்பரையும், அது தொடும் இடத்தையும் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

5. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பரணில் திரும்ப வைத்தால் உழைப்பு வீண்.

எல்லாம் ஓடுது, துப்பாக்கி மட்டும் சுடலையே?

தப்பு துப்பாக்கியுடையது இல்லை. டிரிகரை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைப் பிடித்தால் ‘சுட்டாச்சு’. இந்தக் கணக்கு பழைய குழாய் டிவியின் வேகத்தையும் துடிப்பையும் நம்பி எழுதப்பட்டது. எல்இடி டிவி படத்தைப் பெற்று, சரிசெய்து, காட்டுவதற்குள் அந்தக் கணம் தாண்டிவிடும். வீட்டில் டயனோராவோ சாலிடேரோ பழைய டிவி ஓடும் நிலையில் இருந்தால், காயலான் கடைக்குப் போடும்முன் ஒரு தடவை யோசியுங்கள்.

புது கன்சோல் வைத்திருப்பவர்களுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. பழைய டிவி கேமுக்கு ஃபேனே கிடையாது. 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த பிளேஸ்டேஷன் 5 போன்றவை ஃபேன் வைத்து அறைக் காற்றை உள்ளே இழுக்கின்றன. கடல் பார்த்த ஜன்னல் திறந்திருந்தால் உப்பும் சேர்ந்தே உள்ளே போகும். ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள். ஆடாத நேரத்தில் துணியால் மூடுங்கள், ஆடும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். பிஎஸ்5-ல் தூசியை வேக்குவம் போட்டு எடுக்கத் தனித் துளைகளே உண்டு. ஆனால் ஹீட்சிங்கைக் கழற்றும் வேலை வேண்டாம். அங்கே பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. சிந்தினால் போர்டுக்கே ஆபத்து.

‘பல்லாயிரம் கேம்’ ஸ்டிக் வாங்கலாமா?

ஆன்லைனில் விற்கும் ஹெச்டிஎம்ஐ ஸ்டிக்குகளும் பழைய 9999 கேசட்டின் பேரன்கள்தான். உள்ளே எமுலேட்டர், பெரும்பாலும் உரிமம் வாங்காத விளையாட்டுகள். மெஷின் பழசானாலும் விளையாட்டுகளுக்குப் பதிப்புரிமை இன்னும் இருக்கிறது. மரியோ தாவ ஒரு நொடி தாமதிப்பதுபோல் தோன்றினால் டிவியில் ‘கேம் மோட்’ போடுங்கள், வித்தியாசம் தெரியும்.

மாமாவின் பெட்டிக்கு இன்றைய சந்தையில் பெரிய விலை கிடைக்காது. ஆனால் கடையில் எத்தனை ஸ்டிக் வாங்கினாலும், மாமாவோடு சண்டை போட்டு ஆடிய அந்த ரிமோட் கிடைக்காது. ஒரு சின்ன பாட்டில் ஆல்கஹால், கொஞ்சம் பட்ஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அடுத்த முறை மாமா ஊருக்கு வரும்போது இரண்டாவது ரிமோட்டை அவர் கையில் கொடுங்கள்.