சாலை மிதிவண்டியின் பின்சக்கர ஹப்

ஹப் என்பது சக்கரத்தின் நடுவில் அச்சைச் சுற்றி அமைந்து, ஆரக்கம்பிகளைத் தாங்கும் பகுதியாகும். குயிக் ரிலீஸ் பிடியுள்ள சாலை மிதிவண்டிகளில் பின் ஹப் சட்டத்தில் அமரும் அகலம் பொதுவாக 130 மி.மீ. ஆகும். கப், கோன் வகை ஹப்பில் பெரும்பாலும் பக்கத்திற்கு 9 குண்டுகள் இருக்கும்.

பராமரிப்பின்போது பழைய கிரீஸைத் துடைத்து, குழி விழுந்த கோன்களை மாற்றி, புதிய குண்டுகளும் கிரீஸும் இடப்படுகின்றன. கோனை முழுவதும் இறுக்காமல் மிகச் சிறிய ஆட்டம் விட வேண்டும். பிடியை மூடும்போது அச்சு சற்று அமுங்கி அந்த ஆட்டம் மறைந்துவிடும். முன்பே இறுக்கிவிட்டால் குண்டுகள் நெருக்கப்பட்டு, கப்பும் கோனும் விரைவில் தேயும். கோனை மாற்றலாம்; கப் தேய்ந்தால் பெரும்பாலும் ஹப்பையே மாற்ற நேரிடும்.

பொருத்திய பின் விளிம்பைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இல்லாமலும் தடையின்றியும் சுழன்றால் சரிசெய்தல் முறையாக அமைந்துள்ளது எனலாம்.