பயாப்ஸி ரிப்போர்ட்டில் தசை இருக்கிறதா?

சிறுநீரில் வலியில்லாமல் ரத்தம் போனால், காரைக்குடிப் பக்கத்தில் பலரும் அதைச் சூடு என்றே எடுத்துக்கொள்கிறோம். இளநீர், வெந்தயம் என்று இரண்டு நாள் பார்ப்போம். ரத்தம் தானாகவே நின்றுவிடும். அந்த நிம்மதியை நம்பாதீர்கள். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் முதலில் தெரிந்து, மறைந்து, சில மாதம் கழித்துத் திரும்ப வரும். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் ஒருமுறை ரத்தம் கண்டாலே ஸ்கேனும் சிஸ்டோஸ்கோப்பியும் (சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) கேட்க வேண்டும். ஆடுதீண்டாப்பாளை இனத்து மூலிகைகளைத் தொடர்ந்து சாப்பிட்டவர்களும் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். அவற்றிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீர்ப் பாதையில் புற்றை உண்டாக்கும் என்பது உறுதியான உண்மை.

கட்டியைச் சிறுநீர்த் துவாரம் வழியாகச் சுரண்டி எடுத்து பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். எனக்கு இங்கேதான் கவலை அதிகம். ரிப்போர்ட் வந்ததும் 'கேன்சரா, இல்லையா' என்று மட்டும் கேட்டுவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். நோயாளியின் எதிர்காலம் அடுத்த சில வரிகளில் இருக்கிறது. புற்று எந்த கிரேடு, உட்தோலோடு நின்றதா, அதன் அடியில் உள்ள தசைக்குள் இறங்கிவிட்டதா என்பவை அந்த வரிகள். புதிதாகக் கண்டுபிடிக்கப்படுபவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேருக்குத் தசைக்குள் இறங்கியிருக்காது. அவர்களில் பலர் சிறுநீர்ப்பையை இழக்காமலே தப்பலாம். ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வாரம் ஒருமுறை என ஆறு வாரம் பிசிஜி மருந்தைப் பைக்குள்ளேயே செலுத்துவார்கள். குழந்தைகளுக்குப் போடும் காசநோய்த் தடுப்பூசியில் உள்ள அதே கிருமிதான் இது. 1976-இல் கனடாவின் ஆல்வரோ மொராலஸ் இந்த வழியை வெளியிட்டார். புற்று தசைக்குள் இறங்கியிருந்தாலோ பையையே எடுப்பது, கீமோ, கதிர்வீச்சு என்று பேச்சே மாறிவிடும்.

அதனால் ரிப்போர்ட்டில், அந்தத் தசையின் பெயரான 'டெட்ரூசர் மஸில்' என்ற சொற்களைத் தேடுங்கள். அந்தத் தசை மாதிரியில் வரவே இல்லை என்றால், புற்று அதற்குள் போகவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பெரும்பாலும் சில வாரங்களுக்குள் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

இதற்கு மேல்தான் மார்க்கர் பரிசோதனைகள். பி53, கேஐ-67 போன்றவை புற்றின் வேகத்தைப் பற்றித் துப்புக் கொடுக்கும். ஆனால் கிரேடையும் ஆழத்தையும் தள்ளிவிட்டு அவற்றை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யும் நிலை இன்னும் வரவில்லை. எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு மாற்றத்துக்கு எர்டாஃபிடினிப் என்ற மாத்திரை இருக்கிறது. அமெரிக்காவில் 2019-இல் அனுமதி பெற்ற அந்த மருந்து முற்றிய நோய்க்கானது. ஆரம்ப நிலையிலேயே விலையுயர்ந்த மார்க்கர் டெஸ்ட் எழுதித் தந்தால், "இதன் முடிவு எந்தச் சிகிச்சையை மாற்றும் டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் அந்தக் காசை அடுத்தடுத்த சிஸ்டோஸ்கோப்பிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோய் திரும்பத் திரும்ப வரும். பல வருடம் கண்காணிக்க வேண்டும்.

எடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள். அதைத்தான் 'பிளாக்' என்பார்கள். மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ, பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ இரண்டாவது கருத்துக்குப் போகிறவர்கள் காகிதத்தை மட்டும் எடுத்துப் போனால் பாதி வேலைதான் நடக்கும். ஸ்லைடுகளையும் பிளாக்கையும் கேட்டு வாங்கி, வெயிலில் வைக்காமல் கொண்டுபோங்கள். அங்குள்ள நோய்க்குறியியல் டாக்டர் அதே சதையைத் தன் கண்ணால் பார்க்கட்டும்.

மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. வாயால் கேட்காமல், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். செலவைப் பொறுத்தவரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் வரை கைகொடுக்கும். சந்தேகத்துக்கு 104 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

பணம் கட்டிச் சிகிச்சை பெற்ற இடத்தில் தசை இல்லாத மாதிரி என்பதை மறைத்தாலோ, ரிப்போர்ட்டைத் தராமல் அலைக்கழித்தாலோ, 2 ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். 2019 சட்டப்படி, சிகிச்சை சென்னையில் நடந்திருந்தாலும் காரைக்குடிக்காரர் சிவகங்கை மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.