லண்டன் கோடாங்கி

"இவன் யாருத்தா, போலீஸா?" என்று கேட்டார் அப்பா.

மதுரையில் ஒரு மருத்துவமனையின் புற்றுநோய் வார்டு. என் மடியில் விரித்திருந்த புத்தகத்தில், ஒருவன் இரத்தம் இரத்தமாக இருமிக்கொண்டிருந்தான்.

"துப்பறியுற ஆளுப்பா. ஆனா பேய், பிசாசு கேஸ்தான் பாப்பான்."

"அப்ப கோடாங்கின்னு சொல்லு."

அப்பா சிவகாசி அச்சகம் ஒன்றில் கட்டிங் மெஷினில் நின்றே வயதானவர். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியை என் கையில் முதலில் கொடுத்தவரும் அவர்தான். அந்த மாயாவியே இங்கிலாந்தில் பிறந்த மூலக்கதையில் முதலில் குற்றவாளியாகத் திரிந்தவன். அதனால் இந்தப் புத்தகத்தின் நாயகன் ஜான் கான்ஸ்டன்டைனை அப்பாவுக்குப் புரியவைப்பது எனக்குக் கஷ்டமாக இல்லை.

கான்ஸ்டன்டைன் 1985-ல் ஆலன் மூர் எழுதிய 'ஸ்வாம்ப் திங்' காமிக்ஸில் துணைப் பாத்திரமாக நுழைந்தவன். பாடகர் ஸ்டிங்கின் முகச்சாயலில் ஒருவனை வரைய வேண்டும் என்று ஓவியர்கள் ஆசைப்பட்டார்கள். அந்த முகத்துக்கு மூர் ஒரு ஆளையே உண்டாக்கிக் கொடுத்தார். 1988-ல் ஜேமி டெலானோ எழுத, 'ஹெல்பிளேசர்' என்று அவனுக்குத் தனித்தொடர் வந்தது. 2013-ல் முடியும்போது 300 இதழ்கள். லிவர்பூல் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. மழைக்கோட்டு, வாயில் எந்நேரமும் சில்க் கட் சிகரெட். பறக்கத் தெரியாது, அடிதடியும் சுமார்தான். கொஞ்சம் மந்திரம், மிச்சமெல்லாம் வாய்ச்சாமர்த்தியம். சாகசக் கதைகளின் நாயகர்களுக்குப் பெரும்பாலும் வயது ஏறுவதே இல்லை; 1953-ல் பிறந்த இவனுக்கோ 1993-ல் சரியாக நாற்பது ஆனது. அவன் திரிந்த லண்டனும் நிஜ லண்டன்தான். மூன்றாவது இதழில், 1987 தேர்தலில் மார்கரெட் தாட்சர் ஜெயிக்கும் நாளில், பிசாசுகள் கோட்டு சூட்டு போட்ட தரகர்களாக வந்து மனித ஆன்மாக்களைப் பங்கு போல வாங்கி விற்கின்றன.

கோடாங்கி என்று அப்பா சொன்னது என் மனதில் தங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக் கோடாங்கி உடுக்கடித்துப் பேயைப் பேசவைப்பார். பிறகு உச்சிமயிரைக் கொத்தாக அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடிப்பார். பேய் மரத்துக்குப் போய்விடும், ஆள் வீட்டுக்கு வந்துவிடும். கான்ஸ்டன்டைனிடம் புளியமரம் இல்லை. நண்பர்கள்தான் இருந்தார்கள்.

ஹெல்பிளேசரின் முதல் கதையே இதுதான். கேரி லெஸ்டர், போதை ஊசிக்கு அடிமையான பழைய கூட்டாளி. பசி என்றே சொல்லத்தக்க ஒரு பிசாசைத் தெரியாத்தனமாக உலகத்தில் அவிழ்த்துவிட்டு, உதவி கேட்டு இவனிடம் ஓடிவருகிறான். பிசாசுக்குப் பிடிபட்டவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் தின்று, தின்னத் தின்ன வற்றிச் சாகிறார்கள். அதை அடைக்க ஓர் உயிருள்ள பாத்திரம் வேண்டும். நியூயார்க்கில் கேரியைத்தான் அந்தப் பாத்திரம் ஆக்குகிறான் கான்ஸ்டன்டைன். நம்பி வந்தவனுக்குள் பிசாசை இறக்கிப் பூட்டிவிடுகிறான். பிசாசு ஒழிகிறது, கேரியும் ஒழிகிறான். எத்தனையோ பேர் பிழைத்தார்கள் என்பது உண்மை. ஆனால் கேரியின் ஆவி, கான்ஸ்டன்டைனால் செத்த மற்ற நண்பர்களின் ஆவிகளோடு சேர்ந்து அவன் பின்னாலேயே வருகிறது.

இதற்கெல்லாம் வேர் நியூகாஸ்லில். 1978-ல் அங்கே ஒரு கிளப்பில், ஆஸ்ட்ரா என்ற சிறுமி வரவழைத்த பிசாசை அழிக்க, அதைவிடப் பெரிய பிசாசைக் கூப்பிட்டான் இளவயது கான்ஸ்டன்டைன். வந்தது சொல்பேச்சு கேட்கவில்லை. குழந்தையை நரகத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. அவன் கையில் மிஞ்சியது அவளுடைய கை மட்டும். அதன்பின் அவனுக்கு மனநல மருத்துவமனை.

கெட்டது செய்கிற நாயகர்கள் எந்த மொழியிலும் உண்டு. பெரும்பாலும் அவர்கள் செய்ததைக் கதை அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடும், நாமும் கைதட்டிவிட்டு மறந்துவிடுவோம். கான்ஸ்டன்டைனின் கதையை எழுதியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், செத்தவர்களின் பெயர்கள் மட்டும் மறையவே இல்லை. நான் அவனை விடாமல் படிப்பதற்குக் காரணம் அதுதான்.

வார்டில் என் மடியில் இருந்தது 1991-ல் கார்த் எனிஸ் எழுதிய 'டேஞ்சரஸ் ஹாபிட்ஸ்'. சிகரெட் பிடித்த பாவத்துக்குக் கான்ஸ்டன்டைனுக்கு நுரையீரல் புற்றுநோய். மந்திரம் எதுவும் பலிக்கவில்லை. ஏற்கெனவே நரகத்தின் தலைவனை ஏமாற்றி அவனுடைய பகையைச் சம்பாதித்திருக்கிறான், செத்தால் சித்திரவதைதான். அதனால் நரகத்து அரசர்கள் மூவரில் மற்ற இருவரிடமும், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவரிடம், தன் ஆன்மாவை விற்கிறான். இவன் செத்தால் ஒரே சொத்துக்கு மூன்று உரிமையாளர்கள், நரகத்தில் போர் மூளும். வேறு வழியில்லாமல் மூவரும் சேர்ந்து அவன் நோயைக் குணமாக்குகிறார்கள்.

தினம் இத்தனை பக்கம் என்று அப்பாவுக்குத் தமிழில் சொல்லிவந்தேன். மூன்று பேர் உரிமை கொண்டாடிய இடத்தில் அவர் இருமலோடு சேர்த்துச் சிரித்தார். "ஒரே எடத்த மூணு பேருக்குப் பத்திரம் போட்டுட்டானா!"

2005-ல் கியானு ரீவ்ஸ் நடித்து வந்த படம் கதையை லாஸ் ஏஞ்சலீஸுக்குக் கொண்டுபோனது. அதில் அவன் பிறருக்காக உயிரைக் கொடுக்கிறான், கடைசியில் சிகரெட்டுக்குப் பதில் சூயிங்கம் மெல்லுகிறான். எனக்கு அதில் வருத்தம் உண்டு. காமிக்ஸில் அவன் தப்பியது தியாகத்தால் அல்ல, திருட்டுத்தனத்தால். தப்பிய பிறகும் சிகரெட்டை விடவில்லை. அந்த அசிங்கத்தை மறைக்காமல் வரைந்ததால்தான் அவனுடைய பயம் எனக்கு நிஜமாகத் தெரிந்தது.

'டேஞ்சரஸ் ஹாபிட்ஸ்' கதையில் மேட் என்று ஒரு கிழவர் வருகிறார். ஆஸ்பத்திரியில் கான்ஸ்டன்டைனுக்குப் பழக்கமாகிற இன்னொரு புற்றுநோயாளி. மூன்று அரசர்களில் ஒருவரும் அவரைத் தேடி வரவில்லை. பேரம் பேச அவரிடம் எதுவும் இல்லை. அவருடைய முடிவு வரும் பக்கங்களை மட்டும் நான் அப்பாவுக்குச் சொல்லாமல் தாண்டிப்போனேன்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முந்தின ராத்திரி, விளக்கு அணைத்த பிறகு அவரே கேட்டார். "அந்தப் பெரியவர் என்னத்தா ஆனாரு?"

"அவருக்கும் சரியாப் போச்சுப்பா."

"கோடாங்கி பாத்தானா?"

"ஆமாப்பா. அவன்தான் பாத்தான்."

சரி என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.