கட்டியை எடுக்க கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா?

மாதவிடாய் பத்து நாளைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால், நம் பெண்களில் பலர் முதலில் கேட்பது 'தொழலாமா?' என்றுதான். ஹனஃபி மத்ஹபில் பத்து நாள், ஷாஃபி மத்ஹபில் பதினைந்து நாள். அதற்கு மேல் வருவது ஹைளு அல்ல, இஸ்திஹாளா, குளித்துவிட்டுத் தொழ வேண்டும் என்று ஆலிமாக்கள் சொல்லிவிடுவார்கள். சட்டம் தெரிந்துவிட்டதால் விஷயமும் முடிந்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிடுகிறோம். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) இதே கேள்வியைக் கேட்டபோது, அது மாதவிடாய் அல்ல, ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக புகாரியில் பதிவாகியுள்ளது. தொழுகைக்கான விடை அதில் இருக்கிறது. ஆனால் அந்த இரத்தம் ஏன் வருகிறது என்பதை மருத்துவரிடம் போனால்தான் அறிய முடியும்.

முப்பது, நாற்பது வயதுகளில் இப்படி அதிகப் போக்கு வருவதற்கு மிகச் சாதாரணமான காரணங்களில் ஒன்று ஃபைப்ராய்டு எனப்படும் கர்ப்பப்பை கட்டி. கர்ப்பப்பையின் தசையிலிருந்தே வளரும் இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. ஐம்பது வயதுக்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஒரு சிறு கட்டியாவது இருக்கும். பலருக்கு அது இருப்பதே தெரியாமல் போய்விடுகிறது.

திருப்பூரில் இது தெரியாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போயிற்று. வலித்தால் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மிஷினில் உட்கார்ந்துவிடுகிறார். 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழகத்து ஆடை உற்பத்தித் துறையில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்திலேயே பெயர் தெரியாத மாத்திரைகள் தரப்பட்டதாக அந்தப் பெண்கள் சொன்னார்கள். வலிநிவாரணி வலியை அடக்கும், போக்கையும் ஓரளவு குறைக்கும், கட்டியைக் கரைக்காது. மாதக்கணக்கில் இரத்தம் போய்க்கொண்டே இருந்தால் ஹீமோகுளோபின் ஏழு, எட்டு என்று இறங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். 'வேலைக் களைப்பு' என்று நாம் சொல்வதில் எவ்வளவு களைப்பு, எவ்வளவு இரத்தசோகை என்பது யாருக்கும் தெரியாது.

இப்படியே இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில் ஸ்கேன் எடுக்கும் நாளில், அங்கேயே ஒரு முடிவும் எடுக்கப்பட்டுவிடுகிறது. 'கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்.' கூட வந்தவர்களும், 'இரண்டு பிள்ளை ஆகிவிட்டதே, இனி அது எதற்கு' என்று தலையாட்டிவிடுகிறார்கள். கல்யாணமாகி நான்கைந்து வருடமாகக் குழந்தைக்குக் காத்திருக்கும் பெண்ணிடமும் இதே வார்த்தை சொல்லப்படும்போது அந்த வீடே இடிந்துபோகிறது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு கர்ப்பப்பையை அப்படியே வைத்துத் தைக்கும் அறுவைசிகிச்சை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் மயோமெக்டமி. இது புதுச் சரக்கு அல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே லண்டனில் விக்டர் பானி என்ற மருத்துவர் இதற்காக வாதாடி, நூற்றுக்கணக்கான பெண்களுக்குச் செய்தும் காட்டினார்.

எல்லாக் கட்டியையும் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. அளவை விட, அது எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கர்ப்பப்பையின் உட்குழிக்குள் துருத்திக்கொண்டிருக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் போக்கை அதிகமாக்கும், கரு தங்குவதைத் தடுக்கும். குழந்தை வேண்டுவோர் அதை எடுப்பது நல்லது. வெளிப்பக்கம் தொங்கும் கட்டி பெரிதாக இருந்தாலும் கருத்தரிப்பைப் பெரும்பாலும் தொடாது. நடுச்சுவருக்குள் இருப்பதில்தான் மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ஆகவே ரிப்போர்ட்டில் 'ஐந்து சென்டிமீட்டர்' என்பதைப் பார்த்து மிரளாமல், 'இது எந்த இடத்தில் இருக்கிறது டாக்டர்?' என்று கேளுங்கள்.

உட்குழியில் இருப்பதை, வயிற்றில் கத்தி படாமல், கீழ்வழியாக ஒரு கருவியை விட்டே சுரண்டி எடுக்கலாம். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். சுவரிலும் வெளியிலும் இருப்பதற்கு லேப்ராஸ்கோப்பி. மிகப் பெரிய கட்டி, அல்லது பத்துப் பன்னிரண்டு கட்டிகள் என்றால் சிசேரியன் போலத் திறந்து செய்வதே பத்திரம். லேப்ராஸ்கோப்பியில் பெரிய கட்டியை உள்ளேயே துண்டு போட்டு வெளியே எடுப்பார்கள். அப்படிச் செய்யும்போது, மறைந்திருக்கும் புற்றுநோய் ஏதும் இருந்தால் பரவிவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-இல் எச்சரித்தது. அதற்குப் பிறகு கட்டியை ஒரு பைக்குள் போட்டு வெட்டும் முறை வந்திருக்கிறது. உங்கள் மருத்துவர் எப்படி எடுப்பார் என்று தயங்காமல் கேட்கலாம்.

இந்த அறுவையில் பெரிய பயம் இரத்தப்போக்குதான். அதனால் முன்கூட்டியே இரும்புச்சத்து ஊசி போட்டு ஹீமோகுளோபினை ஏற்றிக்கொள்வது பாதி வேலை முடிந்த மாதிரி. மிக அரிதாக, இரத்தம் நிற்காமல் உயிருக்கே ஆபத்து என்றால், மேஜையிலேயே கர்ப்பப்பையை எடுக்க நேரலாம். அந்த வரி சம்மதப் படிவத்தில் இருக்கும். அது எந்தச் சூழலுக்கு மட்டும் என்று தெரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

போடுவது யார் என்பதும் முக்கியம். டெல்லியில் 1995-இல், அதிகப் போக்குக்காக வந்த 44 வயதுப் பெண்ணொருவரை லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்காக மயக்கத்தில் படுக்க வைத்தார்கள். அவர் மயக்கத்தில் இருந்தபோதே தாயாரிடம் சம்மதம் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்ற நிலை இல்லாதபோது, சுயநினைவுடைய வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாகத் தாய் தரும் சம்மதம் செல்லாது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்கான சம்மதமாகாது என்று 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. தாய்க்குச் சொன்னது கணவனுக்கும் மாமியாருக்கும் பொருந்தும். நம் வீடுகளில் ஃபைலைக் கையில் வைத்திருப்பவரே முடிவையும் எடுத்துவிடும் பழக்கம் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்படுவதைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2023 ஏப்ரலிலும் உத்தரவிட்டது.

செலவை நினைத்துத் தள்ளிப்போடுவோருக்கு ஒரு வார்த்தை. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளிக்குச் சிகிச்சை இலவசம், கணவருக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தால் மனைவிக்கும் உண்டு. பெண்ணே தொழிலாளி என்றால், போதிய நாள் பிடித்தம் கட்டியிருந்தால், ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். வீட்டிலிருந்தே பிசிறு வெட்டும் பெண்களுக்கு இது கிடையாது. அவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுடன் 2022-இல் தொடங்கிய திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம்.

கட்டியை எடுத்தபின் தையல் ஆறுவதற்கு மூன்று முதல் ஆறு மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். சில வருடங்களில் புதுக் கட்டி வரலாம் என்பதால், குழந்தை வேண்டுவோர் அதற்கு மேல் தாமதிக்க வேண்டியதில்லை. சுவரை ஆழமாகத் திறந்து தைத்திருந்தால், பிரசவ வலியில் அந்தத் தழும்பு பிரியாதிருக்க, வலி வருமுன்பே சிசேரியன் செய்வார்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவர் வேறொருவராக இருக்கக்கூடும். எத்தனை கட்டி எடுத்தார்கள், உட்குழி திறக்கப்பட்டதா என்பதை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கி, ரேஷன் கார்டு வைத்திருக்கும் இடத்திலேயே அதையும் வைத்துவிடுங்கள்.